இங்கே என்ன இருக்கிறது?

விருந்தினர் வருகிறார்கள் என்ற செய்தி கிடைத்ததும் வீட்டில் இரண்டு கவலைகள் உண்டாவது இயல்பு. வருபவர்க்கு என்ன சமைத்துக் கொடுப்பது என்பது முதற் கவலை. அது மனையாளுக்கு உரியது. வருபவர்க்கு எதைக் காட்டுவது என்பது இரண்டாவது கவலை. அது நமக்கு உரியது. முதற் கவலைக்கு வன்னியில் எளிதில் விடை கிடைக்கும். மாசியில் வெட்டிய காலபோக நெல் வீட்டில் இருக்கும். சட்டியில் எருமைத் தயிர் இருக்கும். குளத்தில் மீன் இருக்கும். இரண்டாவது கவலைதான் சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் நம்மைப் பிடித்து ஆட்டிவிட்டது.

நமது ஊர் பூவரசங்குளம். வவுனியாவிலிருந்து மன்னார் வீதியில் மேற்கு நோக்கிச் செல்வோர் நெளுக்குளத்தையும் பம்பைமடுவையும் தாண்டியபின் இவ்வூரை அடைவர். பலர் அடைந்ததை அறியாமலே கடந்தும் விடுவர். அவர்கள்மீது குற்றமில்லை. குளமும் வயலும் காடும் சந்திக் கடைகளும் வன்னியில் எங்கேதான் இல்லை? மரத்தின் பெயரையும் குளத்தையும் சேர்த்து ஊருக்குப் பெயரிட்ட முன்னோர், வழிப்போக்கர் நின்று பார்ப்பதற்காக ஒன்றும் கட்டிவைத்துச் செல்லவில்லை.

இந்த ஊருக்கு வரவிருந்தவர்களோ அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள மில்வாக்கி நகரத்தவர்கள். நமது அண்ணர் 1985ஆம் ஆண்டில் ஊரை விட்டுப் போனார். அடுத்த ஆண்டு அண்ணியும் ஆறு வயது மகனும் போயினர். அண்ணர் திரும்பி வரவேயில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், பனி கொட்டிய ஒரு மாசி மாதத்தில், அந்த நகரத்திலேயே கண்ணை மூடினார். அவருடைய மகன் இப்பொழுது இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை. மகளுக்கு வயது பதின்மூன்று, மகனுக்கு ஒன்பது. பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் பிள்ளைகளுடன் வருவதாகவும், ஐந்து வாரம் தங்குவதாகவும் எழுதியிருந்தான்.

வந்தார்கள். முதல் நாள் மாலை, முற்றத்திலுள்ள பூவரச மரத்தின் கீழே நாற்காலிகளைப் போட்டு அமர்ந்திருந்தோம். சோளகக் காற்று வீதிப் புழுதியை அள்ளி வந்து நமது தேநீரிலும் சிறிது இட்டுச் சென்றது. சிறுமி மரியாதையோடு கேட்டாள்:

"சின்ன அப்பப்பா, இங்கே கோடை காலத்துக்கு என்ன என்ன நிகழ்ச்சி இருக்கு?"

கேள்வி நமக்கு விளங்கவில்லை. அவளுடைய தந்தை விளக்கினான். மில்வாக்கி, மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள நகரம். அங்கே கோடை பிறந்தால் விழாக்களும் பிறந்துவிடும். ஏரிக்கரைத் திடலிலே சம்மர்பெஸ்ட் என்னும் பெரிய இசைவிழா நடைபெறும், 1968இல் தொடங்கியது. அதன் பின்னர் ஜெர்மானியர் விழா, ஐரிஷ் மக்கள் விழா, மெக்சிக்கோ மக்கள் விழா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்த நாள், எந்த மேடை, எவ்வளவு கட்டணம் என்றெல்லாம் அட்டவணை போட்டு முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். இந்த ஆண்டு இங்கே வந்ததால் சம்மர்பெஸ்ட் சிறுமிக்குக் கிடையாமற் போயிற்று. அதற்கு ஈடாக இங்கே என்ன உண்டு என்பதே அவள் கேட்ட கேள்வி.

நாம் முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளி ஆசிரியராய் இருந்தவர்கள். எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் ஏதாவது ஒரு விடை சொல்லிப் பழகியவர்கள். ஆயினும் அன்று மாலை நமது வாயிலிருந்து வந்த விடை இதுதான்: "இங்கே என்ன இருக்கிறது, பிள்ளை? வெயிலும் புழுதியுந்தான்."

அதோடும் நாம் நிற்கவில்லை. ஒரு வாகனத்தை அமர்த்திக்கொண்டு சிகிரியாவுக்கும் நுவரெலியாவுக்கும் பாசிக்குடாக் கடற்கரைக்கும் போய் வருமாறும், இந்த வெயிலிற் பிள்ளைகளை வாட்ட வேண்டாம் என்றும் மகனுக்கு ஆலோசனை கூறினோம். அவனும் தலையை அசைத்தான்.

அன்றிரவு படுக்கப் போகுமுன் மனையாள் நம்மைக் கூப்பிட்டாள். குரலிலே கோபம் இருந்தது.

"இஞ்சேருங்கோ, வாற திங்கட்கிழமை என்ன நாள் எண்டு தெரியுமோ?"

தெரியவில்லை.

"வற்றாப்பளைப் பொங்கல். மாமி நேந்தது மறந்து போச்சே?"

மறந்துதான் போயிருந்தது. அண்ணர் கொழும்புக்குப் புறப்பட்ட அதிகாலையில், நமது அம்மா கிழக்கு நோக்கிக் கும்பிட்டுக்கொண்டு ஒரு நேர்த்தி வைத்தார்: மூத்தவன் நலமாகத் திரும்பி வந்தால் வற்றாப்பளை அம்மனுக்கு ஒரு வளந்து வைத்துப் பொங்குவேன் என்று. வளந்து என்பது வன்னியிலே பொங்கற் பானைக்குப் பெயர். ஆண்டுகள் போயின. அம்மா 1997இல் இடம்பெயர்ந்த இடத்திலே இறந்து போனார். அண்ணரும் போய்விட்டார். நேர்த்தி மட்டும் எஞ்சி நின்றது.

"அவர்தான் வரவில்லையே" என்றோம்.

"பெரியத்தான் வராட்டில் என்ன? அவர்ரை பிள்ளையும் பேரப்பிள்ளையளும் வந்திட்டினமே. அந்தப் பிள்ளையளை நுவரெலியாவுக்குப் போ எண்டு கலைக்கிறியளே!"

இதற்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் காத்திருந்த ஒரு பானையைக் குளிர்மலை காட்டி ஏய்க்க நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது. எழுந்து விளக்கைப் போட்டு, ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து, நடுவிலே கோடு கிழித்தோம். ஒரு பக்கத்தில் நாள்; மறுபக்கத்தில் நிகழ்ச்சி. விடிவதற்குள் எட்டு நிகழ்ச்சிகள் சேர்ந்துவிட்டன. பிள்ளைக்கு அட்டவணைதானே வேண்டும்? அட்டவணை கொடுத்துவிட்டோம்.

முதலாவது நிகழ்ச்சி வற்றாப்பளை. அந்தக் கதையை வழியிலே பிள்ளைகளுக்குச் சொன்னோம். மதுரையை எரித்த கண்ணகி கோபம் தணியாமல் ஈழத்துக்கு வந்தாள். ஒவ்வோரிடமாகத் தங்கித் தங்கிப் பத்தாவதாகத் தங்கிய இடமே பத்தாம்பளை. அது வற்றாப்பளையாயிற்று என்பர். நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்த சிறுவர்களுக்கு அவள் ஒரு கிழவியாகத் தோன்றினாள். சிறுவர்கள் அவளுக்கு வேப்பிலைப் பந்தரிட்டுப் பொங்கிப் படைத்தார்கள். பொழுது பட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்நீரை அள்ளி விளக்கேற்றுங்கள் என்றாள் கிழவி. விளக்கு எரிந்தது. தலையிலே பேன் பார்க்கச் சொன்னாள். கூந்தலை விலக்கிய சிறுவர்கள் அங்கே ஆயிரம் கண்களைக் கண்டு திகைத்தார்கள், கிழவி மறைந்தாள்.

இக்கதை கதையோடு நின்றுவிடவில்லை. இன்றும் வைகாசி விசாகத்தை ஒட்டி வரும் திங்கட்கிழமையன்று பொங்கல் நடைபெறுகிறது. அதற்கு முந்திய வாரமே முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்திலே அந்த உப்புநீரில் விளக்கேற்றி வைப்பர். பின்னரே அது வற்றாப்பளைக்குச் செல்லும். பொங்கலுக்கு முன்னர்ப் பாக்குத்தெண்டல் என்றும் தீர்த்தமெடுத்தல் என்றும் முறைகள் உண்டு. பரம்பரை பரம்பரையாக அவ்வக் கடமைக்கு உரியவர்கள் உண்டு. மில்வாக்கி விழாக்களுக்கு அட்டவணை அச்சிடுகிறார்கள்; இங்கே அட்டவணை மக்களின் நினைவிலேயே இருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

மாங்குளம் சென்று கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டான் வழியாகப் போனோம். ஒட்டுசுட்டானை அடுத்தது கற்சிலைமடு. பண்டாரவன்னியன் 1803 ஆகஸ்ட் மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரை வெளியேற்றியவன். அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் தேதி, கப்டன் வொன் டிறிபேர்க் என்பவனிடம் கற்சிலைமடுவிலே தோற்றான். தங்கள் கப்டனின் வெற்றியைச் சொல்வதற்காக ஆங்கிலேயர் அவ்விடத்தில் ஒரு கல்லை நாட்டினர். ஆனால் அந்தக் கப்டனுக்காக இன்று ஒருவரும் கற்சிலைமடுவுக்கு வருவதில்லை. வருவோரெல்லாம் தோற்றவனுக்காகவே வருகிறார்கள். இதைக் கேட்டுச் சிறுவன் பெரிதும் மகிழ்ந்தான். தன்னுடைய பந்தாட்டக் குழுவும் அடிக்கடி தோற்பதுண்டு என்று சொன்னான்.

நிற்க. வற்றாப்பளையில் அன்றிருந்த சனக்கூட்டத்தை எழுத்திலே காட்ட முடியாது. காவடிகள் ஒரு புறம், தீச்சட்டி ஏந்திய பெண்கள் ஒரு புறம், வேப்பிலை மணம் எங்கும். மக்கள் கிளிநொச்சியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்திருந்தனர். கடல் கடந்தும் வந்திருந்தனர். அவர்களிடையே இடம் பிடித்து மூன்று கற்களை வைத்தோம். அம்மாவின் வளந்துக்கு அண்ணரின் மகன் நெருப்பு மூட்டினான். அவனுக்குப் புகை பழக்கமில்லை, கண்ணீர் வடிந்தது. அது புகையினால் வந்ததென்றே அவன் சொன்னான். நாமும் அப்படியே வைத்துக்கொண்டோம். சிறுமி கைநிறைய அரிசி அள்ளி இட்டாள். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. மனையாள் ஒன்றும் பேசாமல் பானையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆலயத்துக்கு அப்பால் நந்திக்கடல் நிலவிலே பளபளத்தது. அதற்கு அப்புறம் தெரிந்த கரையிலேதான் 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அன்று அங்கே உறவுகளை இழந்தவர்கள் எத்தனையோ பேர் இந்தக் கூட்டத்திலும் இருந்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு அதைச் சொல்வதா, விடுவதா என்று யோசித்தோம். சிறுமியே, "அந்தப் பக்கம் என்ன இடம்?" என்று கேட்டாள். சொன்னோம். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மேலும் ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பின்னர் நமது அட்டவணை விரைந்து நடந்தது. மன்னார்ப் பயணம் ஒரு நாள். வழியிலே கட்டுக்கரைக்குளத்தைக் கண்டோம், திருக்கேதீச்சரத்திலே கும்பிட்டோம். மன்னார்த் தீவின் பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்தைச் சிறுவன் கைகோத்து அளக்க முயன்றான். அதன் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். நமது குடும்பம் முழுவதும் கைகோத்தும் போதவில்லை. ஆப்பிரிக்காவுக்கு உரிய மரம். அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டது என்பர். "இதுவும் வெளிநாட்டிலிருந்து வந்து தங்கிவிட்டதா?" என்றான் சிறுவன். ஆமென்றோம்.

மற்றொரு நாள் பாலைப்பழம். ஆனி பிறந்தால் வன்னிக் காடுகளிலே பாலை பழுக்கத் தொடங்கும். தெருவோரத்தில் இருந்து சுண்டாலே அளந்து விற்பார்கள். சிறிய மஞ்சட் பழம், தேன் போன்ற இனிப்பு, ஆனால் பாலுள்ளது. அளவு மீறித் தின்றால் உதடும் உதடும் ஒட்டிக்கொள்ளும். எச்சரித்தோம். சிறுவன் இரண்டு சுண்டு தின்றான். அதன் பயனாக அரை மணி நேரம் வீட்டிலே பெரிய அமைதி நிலவியது. வீரைப் பழத்தையும் நாவற் பழத்தையும் அவ்வாறே பழக்கிவிட்டோம்.

குளத்தை மட்டும் நாம் அட்டவணையிற் சேர்த்திருக்கவில்லை. அதனைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். கோடையிலே குளம் வற்ற வற்ற அலைகரை வெளித்து வரும்; மாடுகள் உள்ளே இறங்கிப் புல் மேயும்; நாரைகள் வரிசையாக நிற்கும்; ஊர்ப் பையன்கள் கரப்போடு சேற்றில் இறங்கி விராலையும் கெளிற்றையும் பிடிப்பார்கள். மூன்றாம் நாளிலிருந்து நம் வீட்டுப் பையனும் சேற்றோடுதான் வீடு திரும்பினான். குளக்கட்டு, துருசு, வான், அலைகரை என்னும் சொற்களையெல்லாம் எவரும் கற்பியாமலே கற்றுவிட்டான். நமது முப்பத்திரண்டாண்டு ஆசிரியத் தொழில் அந்தச் சேற்றிலே தோற்றது.

கடைசி நிகழ்ச்சி மடுமாதா. ஆடி மாதம் 2ஆம் தேதித் திருவிழா. நாம் சைவர்கள், ஆயினும் மடுவுக்குப் போவதிலே வன்னியில் ஒருவரும் சமயம் பார்ப்பதில்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை வருத்திய காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிவந்தவர்கள் தங்கிய இடமே மருதமடு. 1924இல் மாதாவுக்கு முடிசூட்டினார்கள். 2015 ஜனவரி 14ஆம் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் இங்கே வந்தார். ஆனியின் கடைசியிலும் ஆவணியிலும் தமிழரும் சிங்களவரும் குடும்பம் குடும்பமாக வந்து மரங்களின் கீழே கூடாரமடித்துத் தங்குவர். ஒரே மரத்தின் ஒரு வேரிலே தமிழ்ச் சமையல். மறு வேரிலே சிங்களச் சமையல். உப்புக்கும் புளிக்கும் மொழி தேவைப்படுவதில்லை.

அகதிகளாக ஓடி வந்தவர்களின் புகலிடமாகத் தொடங்கிய மடு, பிற்காலத்திலும் அகதிகளின் இடமாயிற்று. 1990களிலே பல்லாயிரம் குடும்பங்கள் இக்காட்டில் தங்கின. நாமும் அவற்றுள் ஒன்று. 1999 நவம்பர் 20ஆம் தேதி இரவு எறிகணைகள் வீழ்ந்து, ஆலய வளவிலே அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் பலர் மாண்டனர். 2008 ஏப்ரலில் சுரூபமே மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்றது. அவ்வாண்டு ஆகஸ்டிலே திரும்பி வந்தது. மாதாவும் நம்மைப் போலவே மூட்டை கட்டியவள் என்று நமது மனையாள் சொல்வதுண்டு.

நமது அம்மா கண்மூடியதும் இந்தக் காட்டோரத்திலேதான். அந்த இடத்திலே நின்று, "உங்கள் பூட்டி இங்கேதான் இருந்தா" என்று பிள்ளைகளுக்குக் காட்டினோம். காட்டுவதற்கு ஒரு கல்லுமில்லை. ஒரு பாலைமரம் மட்டுமே நின்றது. சிறுமி குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். மடு மண்ணைப் பாம்புக் கடிக்குக் காவல் என்று எடுத்துச் செல்லும் வழக்கம் பலரிடம் உண்டு. அவள் எடுத்தது அதற்காகவன்று. மில்வாக்கியிலே தன் அப்பப்பாவின் படத்தின் முன் வைப்பதற்காம்.

வீடு திரும்பும் வழியில் ஒரு சிந்தனை தோன்றியது. மில்வாக்கியில் ஜெர்மானியரும் ஐரிஷ் மக்களும் மெக்சிக்கோ மக்களும் ஏன் விழா எடுக்கிறார்கள்? அவர்களும் ஒரு காலத்தில் ஊரைவிட்டு வந்தவர்கள். தம்மைத் தாம் மறவாதிருக்கக் கூடுகிறார்கள். அவர்களுடைய குளிர்காலம் நீண்டது. கோடையிலேதான் கூட முடியும். நமக்கோ மாரி வந்தால் வயல் வேலை. காட்டுப் பாதைகளிலெல்லாம் வெள்ளம். அறுவடை முடிந்து, நெல் வீட்டுக்கு வந்து, பாதை காய்ந்த பின்னரே கோவிலுக்கும் உறவுக்கும் பொழுது கிடைக்கும். ஆகவே நமது திருவிழாக்களும் கோடையிலே வந்தன. காரணம் வேறு, காரியம் ஒன்று. ஆனால் ஊரை விட்டுப் போனவர்கள் மட்டுமா மறக்கிறார்கள்? ஊரிலேயே இருந்த நாமல்லவா, "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டவர்கள்! நாற்பது ஆண்டு நேர்த்தியை நினைவில் வைத்திருந்தவள் வேறு வீட்டிலிருந்து வந்த மருமகள். பெற்ற பிள்ளையாகிய நாமோ மறந்திருந்தோம்.

மகன் சிகிரியாவுக்கும் போகாமல் விடவில்லை. இடையிலே நான்கு நாள் போய் வந்தார்கள். நல்ல இடந்தான் என்று சிறுமி சொன்னாள். ஆனால் அங்கே தன்னை ஒருவருக்கும் தெரியவில்லை என்றும், வற்றாப்பளையிலே, "ஆற்றை பிள்ளை நீ?" என்று பதினொரு பேர் கேட்டதாகவும் சொன்னாள். அவள் எண்ணியிருக்கிறாள்.

புறப்படுமுன் நமது அட்டவணையைத் திருப்பித் தந்தாள். எட்டு நிகழ்ச்சிகளுக்கும் எதிரே குறியிட்டு, ஒன்பதாவதாகக் குளத்தைச் சேர்த்திருந்தாள். பத்தாவதாகத் தம்பியின் கோணல் எழுத்திலே ஒன்று இருந்தது: "பூவரசம் இலை ஊதுதல். நாள்: எல்லா நாளும். கட்டணம் இல்லை."

அதை அவனுக்குப் பழக்கியவர்கள் நாம்தான். பூவரசம் இலையைச் சுருட்டி, நுனியை நசுக்கி ஊதினால் நாதசுரம் போல ஒலிக்கும். அதை நமக்குப் பழக்கியவர் அண்ணர். இதே முற்றத்தில், இந்த மரத்தின் கீழே. அண்ணர் ஊதினால் அடுத்த தெரு நாய்களும் எழுந்து நிற்கும்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் தொலைபேசி ஒலித்தது. சிறுவன் பேசினான். ஏரிக்கரையிலே ஐரிஷ் மக்கள் விழாவுக்குப் போனார்களாம். அங்கே ஒருவர் குழல் ஊதினாராம். தனக்கும் ஊத வரும் என்று காட்டுவதற்காக, அங்குள்ள மரங்களின் இலைகளையெல்லாம் பிடுங்கிச் சுருட்டிப் பார்த்தானாம்.

"ஒண்டும் சத்தம் போடேல்லை, சின்ன அப்பப்பா" என்றான்.

"வைகாசிக்கு வா, மகனே, மரம் நிற்கிறது" என்றோம்.